செவி கொடுப்போருக்குக் கூலி கொடுங்கள்!

தெமோதரைப் புகையிரத நிலையத்தில் ஒரு புதுமை உண்டு. எல்ல பக்கமிருந்து வரும் வண்டி, நிலையத்தில் நின்று புறப்பட்டபின் குன்றைச் சுற்றி வளைந்து இறங்கி, அதே நிலையத்தின் அடியிற் குடையப்பட்ட சுரங்கத்தின் வழியே பதுளையை நோக்கிச் செல்லும். செங்குத்தான சரிவில் நேரே ஏறவும் இறங்கவும் வண்டியால் இயலாது என்பதை அறிந்தவர்கள் அவ்வாறு பாதையை வளைத்தார்கள். நேரம் பிடிக்கும் என்று அவர்கள் தயங்கவில்லை. செலவாகும் என்றும் பின்வாங்கவில்லை. 1924ஆம் ஆண்டில் பதுளை வரை திறக்கப்பட்ட அப்பாதையை, இன்று உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் வந்து பார்த்து வியந்து செல்கிறார்கள்.

தேயிலைப் பெட்டி பத்திரமாகக் கொழும்பு போய்ச் சேர வேண்டும் என்பதற்காக இத்தனை பாடு பட்டார்கள். அந்தத் தேயிலையைப் பறித்த கைகளுக்குரியவள் மனம் உடைந்து நிற்கும்போது, அவளைப் பத்திரமாகக் கீழே இறக்கிவிட என்ன பாதை அமைத்தோம்? இதுவே இன்று எமது கேள்வி.

சுற்றி வளைக்காமற் சொல்கிறோம். உளச்சிகிச்சைக்கும் உளவளத்துணைக்கும் அரசும், காப்புறுதி நிறுவனங்களும், தோட்டக் கம்பனிகளும் கொடுக்கும் கொடுப்பனவு உயர்த்தப்பட வேண்டும். அது தலைக்கணக்கில் அன்றி நேரக்கணக்கில் நிர்ணயிக்கப்பட வேண்டும். அவ்வாறு செய்யாதவரை, தமிழ் பேசும் உளச்சிகிச்சையாளர் ஒருவர் தெமோதரைக்கோ, பசறைக்கோ, லுணுகலைக்கோ வந்து நிலைத்திருக்கப் போவதில்லை. அவர் வராதவரை, மனநோய்க்கு இலவசச் சிகிச்சை உண்டு என்ற உரிமை காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

இலவசச் சிகிச்சையின் விலை

"இலங்கையில் வைத்தியம் இலவசம் அல்லவா? அங்கே கொடுப்பனவு என்ற பேச்சு எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பவர்கள் தோட்டத்து லயத்தில் ஒருநாள் இருந்து பார்க்க வேண்டும்.

ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம். அவளுக்குப் பெயர் சூட்ட வேண்டியதில்லை; எந்த லயத்திலும் அவள் இருப்பாள். கணவன் குடியில் விழுந்தவன். மூத்த மகள் கொழும்பில் வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். மழைக்காலம் வந்தால் மேலே உள்ள மலை எப்போது சரியும் என்ற அச்சத்தில் இரவெல்லாம் விழித்திருக்கிறாள். காலையிற் பெரட்டுக்குப் போகக் கால் எழவில்லை. கொழுந்து குறைகிறது, அரைப்பேர் விழுகிறது, வீட்டிற் சண்டை கூடுகிறது. இறுதியில் யாரோ சொல்லக் கேட்டு அவள் பதுளைக்குப் போகிறாள்.

அங்கே வரிசையில் நிற்கிறாள். அவளுடைய முறை வருகிறது. "என்னம்மா செய்யுது?" என்ற கேள்வி தமிழிற் கேட்கப்பட்டால் அது அவளுடைய நல்ல காலம். "தூக்கம் வர்றதில்லீங்க ஐயா, நெஞ்சு படபடங்குது" என்கிறாள். கூட்டமோ வாசல் வரை நிற்கிறது. வைத்தியர் கொடியவர் அல்லர். ஒரே காலையிற் பல பத்துப் பேரைப் பார்க்க வேண்டியவர். சில நிமிடங்களில் மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். மொழி தெரியாத இடமாயின் அவளுடன் வந்த பன்னிரண்டு வயதுப் பையனே மொழிபெயர்ப்பாளன் ஆகிறான். தகப்பன் அடிப்பதை, தாய் சாக நினைத்ததை, அந்தப் பிள்ளை தன் வாயாற் சொல்ல வேண்டும். அவன் சொல்வானா? சொல்லத்தான் அந்தத் தாய் விடுவாளா? தலைவலி என்று சொல்லிவிட்டு இருவரும் திரும்புகிறார்கள்.

இந்தப் பயணத்துக்கு அவள் கொடுத்த விலையைக் கணக்கிடுவோம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கை வைத்துக்கொள்வோம். பதுளைக்குப் போய்வந்த நாள் அவளுக்குப் பேர் இல்லாத நாள். மனச்சோர்வுக்கு உரிய உளச்சிகிச்சை ஒரே முறையில் முடிவதன்று. மிகச் சுருக்கமான முறைகளும் ஆறு தொடக்கம் எட்டு அமர்வுகள் வரை கேட்கும். எட்டு நாட்களுக்குப் போன சம்பளம் மாத்திரம் 10,800 ரூபாய். பஸ் கட்டணம், வழியிற் குடித்த தேநீர், வீட்டில் விட்டு வந்த கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டவளுக்குச் செய்ய வேண்டிய கைம்மாறு ஆகியவற்றை நாம் இதிற் சேர்க்கவில்லை. இலவசச் சிகிச்சை என்று நாம் பெருமையோடு கூறுவதன் விலை இது. இரண்டாம் முறை அவள் வராமல் நின்றுவிட்டால், "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிவிடுவது எளிது.

1872உம் 1873உம்

இந்த அநீதி நேற்றுத் தோன்றியதன்று. கோப்பிக் காலத்திலேயே அதன் வேர் இருக்கிறது.

1872ஆம் ஆண்டில், கோப்பி மாவட்டங்களுக்கு வந்திறங்கிய தொழிலாளரின் மருத்துவத் தேவைகளைக் கவனிப்பதற்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. வழிநடையிலும் தோட்டத்திலும் மக்கள் கூட்டங்கூட்டமாக மாண்டதன் பின்னரே அச்சட்டம் வந்தது. 1912ஆம் ஆண்டில் அதனை விரித்து மேலும் சட்டங்கள் செய்தார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியும் மருந்துக்காரரும் அந்த வழியில் வந்தவையே. கருணையினால் மட்டுமா இதைச் செய்தார்கள்? காய்ச்சலில் கிடப்பவன் மலைக்கு ஏற மாட்டான். மலைக்கு ஏறாதவனால் இலாபம் இல்லை. எப்படியாயினும் உடல் நோய்க்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பது சட்டத்தில் ஏறிற்று.

அதற்கு அடுத்த ஆண்டு, 1873இல், மனநோயாளருக்கான சட்டம் வந்தது. அதிற் சிகிச்சையைவிடக் காவலே பெரிதாக இருந்தது. யாரை அடைப்பது, எந்த உத்தரவின் பேரில் அடைப்பது என்பனவே அதன் கவலை. 1956இல் திருத்தப்பட்டு, நாடு சுதந்திரம் பெற்ற பின்னரும் பல பத்தாண்டுகள் அதுவே எமது மனநோய்ச் சட்டமாக நின்றது. அங்கொடை என்ற ஊர்ப்பெயரே வசைச்சொல்லாக மாறியது இந்த மனப்பான்மையினாலேயே.

ஓராண்டு இடைவெளியில் பிறந்த இவ்விரு சட்டங்களும் எமது பொது வாழ்வில் ஆழப் பதிந்துவிட்டன. உடல் நோயென்றால் மருந்தும் பணமும். மனநோயென்றாற் பூட்டும் சாவியும்! பூட்டு இன்று பெரும்பாலும் போய்விட்டது என்பதை நன்றியுடன் ஒப்புக்கொள்கிறோம். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அடித்த பின், 2005இல் நாட்டுக்கு ஒரு மனநலக் கொள்கை வகுக்கப்பட்டது. ஒரே பெரிய ஆஸ்பத்திரியை நம்பியிராமல் மாவட்டந்தோறும் சிகிச்சை கிடைக்க வேண்டும் என்று அது சொன்னது. அங்கொடை வைத்தியசாலை தேசிய மனநல நிறுவனம் ஆயிற்று. 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் அந்நிறுவனத்தின் உதவி கிடைக்கும். இவை யாவும் நல்ல மாற்றங்களே. ஆயினும் மருந்துக்குப் பணம் ஒதுக்கிய கை, செவி கொடுப்பவருக்குப் பணம் ஒதுக்குகையில் இன்றும் சுருங்கிக்கொள்கிறது.

நஞ்சை எடுத்தோம், துயரத்தை எடுத்தோமா?

எமது வாசகருள் பலர் கமக்காரர். வன்னியில் நெல் விதைப்பவரும், யாழ்ப்பாணத்தில் வெங்காயம் நடுபவரும், வெலிமடையிலும் பண்டாரவளையிலும் உருளைக்கிழங்கும் மரக்கறியும் பயிரிடுபவரும் இதைப் படிக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரு வரலாற்றை நினைவூட்டுகிறோம்.

1995ஆம் ஆண்டளவில், இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்று. பயிருக்கு அடிக்கும் நஞ்சே பெரும்பாலும் அவர்களின் கையில் இருந்தது. கொடிய பூச்சிகொல்லிகளை அரசு படிப்படியாகத் தடை செய்தது. 1984, 1995, 1998 என அத்தடைகள் வந்தன. 2008 முதல் 2011 வரையான காலத்திற் பரக்குவாட் என்ற களைகொல்லியும் அகற்றப்பட்டது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய சட்டப் பிரிவும் 1998இல் நீக்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் அந்த வீதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியது. பயிர் விளைச்சல் இதனாற் கெட்டுவிடவில்லை. ஆயிரமாயிரம் உயிர்கள் பிழைத்தன. உலகமே எடுத்துக்காட்டும் வெற்றி அது.

அந்த வெற்றி நமக்குச் சொல்லும் செய்தி இரண்டு. உறுதியான ஓர் அரசாணையால் உயிர்களைக் காக்க முடியும் என்பது ஒன்று. பிழைத்தவருடைய துயரம் அப்படியே இருக்கிறது என்பது மற்றொன்று. நஞ்சுப் போத்தலைக் கையிலிருந்து எடுத்துவிட்டோம். அந்தக் கை ஏன் அதை நாடிற்று என்று கேட்பதற்கு ஆள் வைக்கவில்லை.

துயரத்துக்கோ குறைவில்லை. 1948இற் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்கள் இவர்கள். 1964இன் உடன்படிக்கையினாற் குடும்பம் குடும்பமாகப் பிரிக்கப்பட்டு, உறவை மேடையில் நிறுத்திவிட்டு வண்டியேறியவர்கள் இவர்கள். குடியுரிமை முழுமையாகத் தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருந்தவர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது லயமே இருக்கவில்லை. சிலருக்குப் பெற்றோரும் இருக்கவில்லை. 2021இல் இரசாயன உரத்துக்குத் திடீர்த் தடை வந்து கமக்காரனும் தோட்டமும் ஒருசேரத் தவித்தனர். 2022இன் பொருளாதார முறிவு எல்லார் அடுப்பையும் அணைத்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து, ஊவாவிலும் மத்திய மாகாணத்திலும் மலைகளை மறுபடி சரித்தது.

இத்தகைய பேரிடர்களின் பின் உளவளத்துணைக் குழுக்கள் வருகின்றன, புகைப்படம் எடுக்கப்படுகிறது, சில வாரங்களிற் குழுக்கள் திரும்பிவிடுகின்றன. மண் சரிவது ஒரு நாளில் முடியும். ஒவ்வொரு மழைக்கும் பிள்ளை திடுக்கிட்டு எழுவது ஆண்டுக்கணக்கில் நடக்கும். அந்த ஆண்டுகளுக்கு யார் கூலி கொடுப்பது?

அவசரப்படுத்த முடியாத வேலை

இனிக் கொடுப்பனவின் கணக்குக்கு வருவோம். மற்றெல்லாம் இதைச் சொல்வதற்கே.

ஒரு பல்லைப் பிடுங்குவதில் வேகம் காட்டலாம். ஊசி போடுவதில் வேகம் காட்டலாம். கருவி திருந்தினால் ஒரு நாளைக்கு இருபது பேருக்குச் செய்த சோதனையை அறுபது பேருக்குச் செய்யலாம். செவி கொடுப்பதற்கு மட்டும் எந்தக் கருவியும் வேகம் கூட்டித் தராது. ஐம்பது நிமிடம் கேட்க வேண்டியதை ஐந்து நிமிடத்திற் கேட்டால் அது சிகிச்சை ஆகாது. ஒருநாளில் ஐவர் அல்லது அறுவர். அதற்கு மேல் எவராலும் ஒழுங்காகச் செய்ய முடியாது. ஆகவே ஓர் அமர்வுக்கு என்ன கொடுக்கிறோமோ அதுவே அந்த மனிதருடைய வருமானத்தின் எல்லை. வருமானம் போதாது என்று அவர் வேலையைக் கூட்டிக்கொள்ள வழியில்லை.

ஜெர்மனியின் கூட்டாட்சிச் சமூக நீதிமன்றம் 1999இல் இதே நியாயத்தையே ஏற்றது. உளச்சிகிச்சையாளரின் பணி நேரத்தோடு கட்டுண்டது. அவரால் தொகையைப் பெருக்கி வருமானத்தைப் பெருக்க இயலாது. ஆகையால் அவருக்குரிய கொடுப்பனவு குறைந்தபட்ச அளவொன்றுக்குக் கீழே இறங்கக்கூடாது என்று அந்நீதிமன்றம் காப்புறுதி அமைப்புகளுக்குக் கட்டளையிட்டது. முழுநேரமும் உழைக்கும் உளச்சிகிச்சையாளர் மற்ற வைத்தியருக்கு ஒப்பாக வாழக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே அதன் அளவுகோல். எம் மலைநாட்டுக்கும் அந்த அளவுகோல் பொருந்தும்.

தோட்டத்து மொழியில் இதையே வேறுவிதமாகச் சொல்லலாம். கொழுந்தை வெறும் கிலோக் கணக்கில் மட்டும் வாங்கினால் என்ன நடக்கும்? இரண்டிலையும் மொட்டும் வராது. முற்றிய இலையும் காம்பும் கூடையை நிறைக்கும். தொழிற்சாலையில் அந்தக் கொழுந்து நல்ல தேயிலை ஆகாது. உளவளத்துணையைத் தலைக்கணக்கில் அளந்தாலும் அதுவே நடக்கும். பதிவேட்டிற் பெயர்கள் நிறையும். எவருடைய துயரமும் தீராது. கொழுந்துக்குத் தரம் பார்க்கத் தெரிந்த நாடு, மனிதத் துயரத்துக்குத் தரம் பார்க்க மறுக்கலாமா?

உரிமையைச் சட்டத்தில் எழுதினால் மட்டும் போதாது என்பதற்கும் உலகிற் சான்றுண்டு. அமெரிக்காவில் 2008இல் ஒரு சட்டம் வந்தது. மனநோய்ச் சிகிச்சைக்கு உடல்நோய்ச் சிகிச்சையைவிடக் கடுமையான வரம்புகளைக் காப்புறுதி விதிக்கக்கூடாது என்றது. ஆயினும் காப்புறுதி தரும் கட்டணம் குறைவென்று உளச்சிகிச்சையாளர் பலர் அதில் சேராமலே நிற்கிறார்கள். கையிற் பணம் உள்ளவன் அவர்களிடம் போகிறான், இல்லாதவன் காத்திருக்கிறான். இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு ஒப்ப மனநோய்க்கும் காப்புறுதி தர வேண்டும் என்றது. அதை மீறி மனநோயை விலக்கும் நிபந்தனைகள் செல்லாவென 2021இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்புத்தான். ஆனால் வைத்தியசாலையிற் படுக்காமல் வாரம் ஒருமுறை போய்ப் பேசி வரும் நோயாளிக்கு அங்கும் காப்புறுதியின் கை எளிதில் நீளுவதில்லை. காப்புறுதி கட்டிலைப் பார்க்கிறது, நாற்காலியைப் பார்ப்பதில்லை. உளச்சிகிச்சையோ நாற்காலியில் நடப்பது.

ஆகவே சமத்துவம் என்று எழுதுவோர் அதன் பக்கத்திலேயே கட்டண வீதத்தையும் எழுத வேண்டும். வீதம் இல்லாத உரிமை, கூலி இல்லாத வேலைக்கு ஒப்பானது. அதற்கு ஆள் வராது.

ஏழை நாட்டால் ஆகுமா?

"ஜெர்மனி செய்யும்; கடனில் மூழ்கிய இலங்கை செய்யுமா?" என்பது அடுத்த கேள்வி. அதற்கும் விடை உண்டு. அந்த விடை பணக்கார நாட்டிலிருந்து வந்ததன்று.

பாகிஸ்தானின் ராவல்பிண்டிக்கு அருகேயுள்ள கிராமங்களில், மனச்சோர்வால் வருந்திய கர்ப்பிணிகளுக்கும் தாய்மாருக்கும் ஓர் உளச்சிகிச்சை முறை கொடுக்கப்பட்டது. கொடுத்தவர்கள் பட்டம் பெற்ற உளவியலாளர் அல்லர். ஊரில் ஏற்கெனவே வீடு வீடாகச் சென்றுவந்த சுகாதாரப் பணிப்பெண்கள். 2008இல் வெளியான அதன் முடிவு இது: ஆறு மாதத்தின் பின், அச்சிகிச்சை பெறாத தாய்மாருள் நூற்றுக்கு 53 பேர் இன்னும் மனச்சோர்வுடன் இருந்தனர், பெற்றவருள் 23 பேரே அவ்வாறு இருந்தனர். கோவாவிலும், பயிற்றப்பட்ட சாதாரண ஆலோசகர்கள் ஆறு தொடக்கம் எட்டு அமர்வுகளிற் கடுமையான மனச்சோர்வைத் தணித்துக் காட்டினார்கள்.

எமது தோட்டங்களிலும் இதற்குரிய பெண்கள் இருக்கிறார்கள். பிள்ளை மடுவத்தில் பிள்ளை பார்ப்பவள், குடும்ப நல உத்தியோகத்தர், பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படித்துவிட்டு வேலையின்றி லயத்து இஸ்தோப்பில் நிற்கும் இளம் பெண்கள் ஆகியோரை நாம் அறிவோம். மக்களின் மொழியும், அந்த வீட்டின் கதையும் அவர்களுக்குத் தெரியும். அவர்களைப் பயிற்றலாம்; அவர்களுக்கு மேலே ஒரு மருத்துவ உளவியலாளரை வைத்து வழிகாட்டலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். "மலிவானவர்கள் கிடைத்துவிட்டார்கள்" என்று எவரும் மகிழ வேண்டாம். இருக்கிற வேலையோடு இதையும் சேர்த்துச் செய் என்று ஒரு பெண்ணின் தலையிற் கட்டி, அதற்குச் சேவை என்று பெயரும் சூட்டி, கூலி கொடாமல் விடுவது நமது நாட்டின் பழைய வழக்கம். மற்றவரின் துயரத்தை நாள்தோறும் சுமப்பவருக்குக் கூலியும் வேண்டும், ஓய்வும் வேண்டும், தம் மனத்தைக் கொட்ட ஒரு மூத்தவரும் வேண்டும். இவை இல்லையென்றால் ஓராண்டில் அவளும் நோயாளியாவாள்.

செலவு வீண் என்பாருக்கும் கணக்குச் சொல்லலாம். மனச்சோர்வுக்கும் பதற்ற நோய்க்கும் சிகிச்சை தரப் போடும் ஒவ்வொரு டொலரும், உடல்நலமும் உழைப்பும் திரும்புவதனால் நான்கு டொலராக மீளும் என்று உலக சுகாதார நிறுவனம் முன்னின்று நடத்திய ஆய்வு 2016இற் கூறிற்று. ஆயினும் உலக அரசுகள் தம் சுகாதாரச் செலவில் மனநலத்துக்கு ஒதுக்குவது சராசரியாக நூற்றுக்கு இரண்டு பங்களவே என்று அதே நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக்குரிய தொகுப்புக் காட்டியது. ஒன்றுக்கு நான்கு விளையும் வயலை எந்தக் கமக்காரன் தரிசாக விடுவான்?

மறுப்போருக்கு

எம்மிற் சிலரே மறுக்கக்கூடும். "எங்கள் பாட்டன் பூட்டனுக்கு உளவளத்துணை இருந்ததா? கோயிலும் பெரியவர்களும் போதாதா?" என்பர். கோயிலை நாம் குறைத்துப் பேசவில்லை. மாரியம்மன் முன் அழுது தேறியவர் பலர் உண்டு. ஆயினும் கால் முறிந்தவனைக் கோயிலுக்கு மட்டும் அனுப்பிவிட்டு நாம் இருப்பதில்லை. மேலும், பாட்டன் பூட்டன் தாங்கினார்கள் என்கிறோமே, தாங்க முடியாதவர்களை நாம் எண்ணியிருக்கிறோமா? அவர்களுடைய பேர் எந்தச் செக்ரோலிலும் இல்லை.

வேறு சிலர், "கொடுப்பனவைக் கூட்டினாற் கொழும்பிலுள்ள தனியார் ஆலோசகர்களே கொழுப்பார்கள்" என்பர். இதில் ஓரளவு நியாயம் உண்டு. எல்லாருக்கும் ஒரே வீதத்தைக் கண்மூடி உயர்த்தினால் அப்படியும் நடக்கும். ஆகையினாலேதான் உயர்வு இடத்தோடும் மொழியோடும் இணைக்கப்பட வேண்டும் என்கிறோம். கொழும்பில் இருந்து வேலை செய்பவருக்கும், மழையில் ஏறி மேற்பிரிவு லயத்துக்குச் சென்று தமிழிற் பேசுபவருக்கும் ஒரே தொகை கொடுப்பது சமத்துவம் அன்று. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. படிவத்துக்குத் தமிழ் உரிமை எனில், கண்ணீருக்கும் தமிழ் உரிமை வேண்டும்.

நாம் கேட்பது

எமது கோரிக்கைகள் நான்கு.

முதலாவது, அரச சேவையில் உளச்சிகிச்சையும் உளவளத்துணையும் நேரக்கணக்கில் மதிப்பிடப்பட்டு, அதற்குத் தனியான கொடுப்பனவுத் தலைப்பு வேண்டும். மலைநாட்டுத் தோட்டங்களிலும் பின்தங்கிய கிராமங்களிலும் மக்களின் மொழியிற் பணிபுரிவோருக்கு மேலதிக வீதமும், பயணச் செலவும், பயண நேரத்துக்குரிய கூலியும் தரப்பட வேண்டும்.

இரண்டாவது, அரச ஊழியருக்கான அக்ரஹார காப்புறுதியும் தனியார் காப்புறுதிகளும், வைத்தியசாலையில் தங்காமற் பெறும் உளச்சிகிச்சைக்குரிய கட்டணத்தை உண்மையான செலவுக்கு ஏற்ற அளவில் மீளளிக்க வேண்டும். எமது வாசகருள் ஆசிரியரும், எழுதுவினைஞரும், வங்கி ஊழியரும் பலர். இது அவர்களுடைய வீட்டுக் கேள்வியும் ஆகும். அவர்களின் தொழிற்சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தையில் இதனை ஒரு கோரிக்கையாக வைக்கட்டும்.

மூன்றாவது, உளச்சிகிச்சைக்குச் செல்லும் நாளுக்குத் தோட்டத் தொழிலாளியின் பேர் வெட்டப்படக்கூடாது. 1872இல் உடலுக்குச் செலவு செய்யச் சட்டம் தோட்ட முதலாளியை வற்புறுத்தியது. இன்று மனத்துக்கும் வற்புறுத்தட்டும். அதனினும் நல்லது, சிகிச்சையாளரே வாரம் ஒருநாள் தோட்டத்துக்கு வருவது. டிஸ்பென்சரியில் கதவு சாத்தக்கூடிய ஓர் அறை போதும்.

நான்காவது, தோட்டத்துப் பெண்கள் பயிற்றப்பட்டு, நிரந்தரச் சம்பளத்தோடும் ஓய்வூதிய உரிமையோடும் நியமிக்கப்பட வேண்டும். பேரிடர் வந்தால் வருவோராக அன்றி, பேரிடர் போன பின்னும் இருப்போராக அவர்கள் இருக்க வேண்டும்.

மாகாணத்தின் வரவு செலவுத் திட்டத்தைப் படிக்கும் எவரும் கட்டிடத்துக்கும் வாகனத்துக்கும் ஒதுக்கிய தொகையை எளிதிற் காண்பர். உட்கார்ந்து கேட்பதற்கு ஒதுக்கிய தொகை எங்கே என்று தேடிப் பாருங்கள். உங்கள் பிரதிநிதியிடமும் கேளுங்கள். வாக்குக் கேட்டு லயத்து வாசலுக்கு வருவோரிடம், கூரைத் தகரத்தோடு இதையும் கேளுங்கள்.

தெமோதரை மலையில் நேரே இறங்க முடியாத வண்டிக்காக நூறாண்டுக்கு முன் பாதையை வளைத்தார்கள். வளைவுக்கு நேரம் ஆனது, பணமும் ஆனது. வண்டி இன்றும் பத்திரமாக இறங்குகிறது. அந்த வண்டிக்குச் செய்ததை, அதன் ஓசையைக் கேட்டபடி இரவெல்லாம் விழித்திருக்கும் தாய்க்கும் செய்யுங்கள் என்பதே எமது வேண்டுகோள். அவளுக்குச் செவி கொடுக்க ஒருவரை அனுப்புங்கள். அவருக்கு உரிய கூலியைக் கொடுங்கள்.